ஏ-ஃபோர்ட்டிக்கு வந்த சிபாரிசுகள்

2009ஆம் ஆண்டில் என் பராமரிப்பில் இரண்டு பொருட்கள் இருந்தன. ஒன்று, கிழக்கு லண்டனில் குட்மேய்ஸில் எங்கள் வீட்டுக்கு முன்னால் நின்ற ஏ-ஃபோர்ட்டி என்ற பழைய ஆங்கிலேயக் கார். என்னைவிட முப்பது வயதுக்கு மேல் மூத்தது. மற்றது, அந்த வகைக் கார் வைத்திருப்பவர்களுக்கான இணையக் கருத்துக்களம். காருக்கு ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கிரீஸ் அடித்தால் போதும். களத்துக்குத் தினமும் அடிக்க வேண்டியிருந்தது.

களத்தைத் தொடங்கியவள் நான் அல்ல. பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது காபரேற்றர் பற்றி ஒரு கேள்வி கேட்கப் போனேன். பதில் கிடைத்தது. அதே கேள்வியை எனக்கு முன்னால் பலர் கேட்டு, அதே பதிலைப் பெற்றுப் போயிருந்ததையும் கண்டேன். எரிச்சலில் எல்லாக் கேள்விகளையும் தலைப்பு வாரியாகப் பிரித்து ஒரு பொருளடக்கம் போட்டேன். களத்தைத் தொடங்கிய ஆங்கிலேயர், ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர், அதைப் பார்த்துவிட்டு மறுநாளே நிர்வாகியின் கடவுச்சொல்லை எனக்கு அனுப்பிவிட்டார். இப்படி ஒருவர் வந்து மாட்டட்டும் என்று அவர் பல வருடங்களாகக் காத்திருந்தது பிறகுதான் விளங்கியது.

வேலையில் நான் ரயில் சிக்னல்களுக்கான மென்பொருளைச் சோதிப்பவள். எங்கெங்கே தவறு நேரலாம் என்று பட்டியல் போடுவதற்குச் சம்பளம் தந்தார்கள். அதே பழக்கத்தில் களத்துக்கும் விதிகள் எழுதினேன். பிரேக், ஸ்டியரிங், பெற்றோல் தாங்கி ஆகியவை பற்றி ஆபத்தான ஆலோசனை சொன்னால் முதலில் எச்சரிக்கை. மறுபடியும் சொன்னால் செப்டம்பர் முடியும்வரை தடை. செப்டம்பர் என்று குறித்ததற்குக் காரணம் உண்டு. அந்த மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் கார்கள் எல்லாம் வரிசையாகத் தென்கடற்கரைக்குப் போகும். வருடம் முழுவதும் காரைத் துடைப்பதே அந்த ஒரு நாளுக்காகத்தான். தடையில் இருப்பவர் அந்தப் பயணத்துக்குக் காரைப் பதிய முடியாது. வலிக்காத தண்டனை எதற்கு என்பது அப்போதைய என் கொள்கை.

உறுப்பினர்களில் பெரும்பாலோர் வெள்ளைக்காரப் பெரியவர்கள். என்னைத் தவிர்த்தால் தமிழர் ஒருவர்தான் இருந்தார். பிளேஸ்டோவில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். யாழ்ப்பாணத்தில் வாடகைக் கார் ஓட்டி, ஜெர்மனியில் பல வருடம் இருந்து, பிறகு லண்டனுக்கு வந்தவர். எந்தக் கேள்விக்கும் அவரிடம் பதில் இருந்தது, பல சமயம் கேள்வி முடிவதற்கு முன்பே. அந்தக் கோடையில் பிரேக் எண்ணெய் கசிகிறது என்று ஒருவர் எழுதினார். கடைக்காரர் பதில் போட்டார்: ஊரில் எதுவும் கிடைக்காத காலத்தில் பிரேக்குக்கு எண்ணெய்க்குப் பதிலாகச் சவர்க்காரத் தண்ணீர், சோப்புத் தண்ணீர்தான், விட்டு ஆறு மாதம் ஓடினேன், ஒன்றும் நடக்கவில்லை.

ஒன்றும் நடக்காமல் போனதற்கு ஊரின் சமதரையும், தெருவில் வேறு வாகனம் இல்லாததும் காரணமாக இருக்கலாம். நான் பதிவை நீக்கி எச்சரித்தேன். இரண்டு வாரம் கழித்து அதையே இன்னும் விளக்கமாக, சவர்க்காரத்தின் அளவு உட்பட, எழுதினார். இம்முறை நான் காண்பதற்குள் மத்திய இங்கிலாந்தில் ஒருவர் அதைச் செய்து பார்த்துவிட்டார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருடைய கராஜ் கதவுக்குத்தான் ஆனது. படத்தைப் போட்டு, இது எதிர்பார்க்கக்கூடியதா என்று பணிவாகக் கேட்டிருந்தார்.

தடை போட்டேன். அறிவித்தலின் அடியில், முறையிட விரும்பினால் எழுத வேண்டிய மின்னஞ்சல் முகவரியும் இருந்தது. அந்த முகவரிக்கு ஒரு எழுத்தும் வரவில்லை. களத்தின் முகப்பில் இருந்தது என் காரின் படம். அதற்குப் பின்னால், எங்கள் வாசற்கதவில் கட்டியிருந்த பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம் கொஞ்சம் தெரிந்தது. நிர்வாகி வெள்ளைக்காரன் அல்ல, எங்கட ஆள் என்று அவருக்கு அது போதுமாக இருந்தது. பிறகு என்ன, எங்கட ஆளுக்கு யாராவது நேரடியாக எழுதுவார்களா?

வாசலில் பழைய கார் நிற்கும் தமிழ் வீடு எது என்று கடைக்கு வந்தவர்களிடம் விசாரித்திருக்கிறார். முதலில் அம்மாவுக்குத் தொலைபேசி வந்தது, பிளேஸ்டோவில் இருக்கும் அவருடைய பழைய சிநேகிதியிடமிருந்து. அம்மா தொலைபேசியின் வாய்ப்பக்கத்தைக் கையால் மூடிக்கொண்டு என்னைக் கேட்டார்.

“நீ ஆரோ ஒரு மனுசனை எதிலையிருந்தோ நிப்பாட்டினனியாம். உனக்கு அப்பிடி ஆக்களை நிப்பாட்டுற வேலையே?”

“சம்பளம் இல்லாத வேலை அம்மா.”

“சம்பளமும் இல்லாமல் ஏன் சனத்தோடை பகைக்கிறாய்?”

அடுத்த சிபாரிசு அலுவலகத்தில் வந்தது. என் மேசைக்கு எதிரே இருந்தவர் மலேசியத் தமிழர். அவருக்கும் பழைய கார்களுக்கும் இருந்த ஒரே தொடர்பு, காலையில் கிரீஸ் படிந்த என் நகங்களைப் பார்ப்பதுதான். “எங்க மாமா கடைக்குச் சாமான் போடுற ஆளு சொன்னாராம். யாரையோ நீங்க பிளாக் பண்ணிட்டீங்களாமே? எடுத்து விட்டுருங்க லா, பாவம்” என்றார். எதிலிருந்து தடுத்தேன் என்று அவருக்குத் தெரியாது. அது அவருக்குத் தேவைப்படவும் இல்லை.

மூன்றாவது, லூயிஷாம் சிவன் கோயிலில். அர்ச்சனைச் சீட்டு வாங்க வரிசையில் நின்றபோது எனக்குப் பின்னால் நின்ற, நான் முன்பின் பார்த்திராத ஒரு பெண்மணி என் தோளைத் தொட்டு, “அவர் நல்ல மனுசன் பிள்ளை. கோயிலுக்கு அரிசி எல்லாம் குடுக்கிறவர்” என்றார். அரிசிக்கும் பிரேக்குக்கும் உள்ள தொடர்பை நான் விளக்கப் போகவில்லை.

புவியியல் ஆசிரியருக்கு நிலைமையை எழுதினேன். அவர் ஒரே கேள்வி கேட்டார்: உனக்குத் தெரிந்தவரா? இல்லை என்றேன். அப்படியானால் தடை இருக்கட்டும் என்றார். அன்று மாலை அம்மாவும் அதே கேள்வியைக் கேட்டார். அதே பதிலைச் சொன்னேன். “தெரியாத மனுசனுக்குப் போய் ஏன் இந்தக் கரைச்சல் குடுக்கிறாய்?” என்றார் அம்மா.

அதற்கடுத்த வாரம் சிநேகிதி மறுபடி தொலைபேசி எடுத்து, கடைக்காரரும் மனைவியும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வர விரும்புவதாகச் சொன்னார். அம்மா அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டார். கணவனும் மனைவியுமாகப் பெண் இருக்கும் வீட்டுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமையில் வருகிறார்கள் என்றால், அம்மாவின் அகராதியில் அதற்கு ஒரே பொருள்தான். வடை சுட்டார். நல்ல கோப்பைகளை இறக்கினார். என் நகங்களை இருமுறை பார்த்தார்.

அவர்கள் தங்கள் ஏ-ஃபோர்ட்டியிலேயே வந்தார்கள். கரும்பச்சை நிறம், அழகாக வைத்திருந்தார். பிரேக் ஒழுங்காகப் பிடித்ததையும் கவனித்தேன். அவர் லட்டுப் பெட்டியை அம்மாவின் கையில் கொடுத்தார். மனைவி சோபாவின் நுனியில் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார்.

“பெடியன் என்ன செய்யிறார்?” அம்மா அதிக நேரம் பொறுக்கவில்லை.

“எந்தப் பெடியன்?” என்றார் கடைக்காரர்.

“உங்கடை மகன்.”

“எங்களுக்கு ரெண்டும் பெட்டையள் அக்கா.”

அம்மா எழுந்து தேநீர் போடப் போனார். வடையின் இரண்டாவது தட்டு அன்று சமையலறையை விட்டு வெளியே வரவில்லை.

“பிள்ளை” என்று கடைக்காரர் என் பக்கம் திரும்பினார். “நான் சுத்தி வளைக்கேல்லை.” ஒரு மாதமாக அவர் செய்தது அது ஒன்றைத்தான். “அந்தக் கடற்கரை ஓட்டத்துக்கு நான் போகோணும். பாரிஸிலை இருக்கிற மச்சானுக்குச் சொல்லிப்போட்டன். நான் கார் ஓடுற படம் அனுப்புறன் எண்டு எல்லாருக்கும் சொல்லிப்போட்டன்.”

அந்த வருடத்தின் முதற்பாதியை எங்கள் ஆட்கள் எப்படிக் கழித்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். மே மாதத்தில் ஊரில் போர் முடிந்த பிறகு உறவினர்கள் ஒருவருக்கொருவர் தொலைபேசி எடுத்து, பேச ஒன்றும் இல்லாமல், சாப்பிட்டீர்களா என்று கேட்டு வைத்துக்கொண்டிருந்தார்கள். அப்படி ஒரு அழைப்பில்தான் இவர் கடற்கரைப் பயணத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். மச்சான் சந்தோசப்பட்டு, அதை ஊர்ச்சனம் எல்லோருக்கும் பரப்பிவிட்டார். அதற்குப் பிறகு இவரால் பின்வாங்க முடியவில்லை. இதை அவர் சொல்லவில்லை, மனைவி சொன்னார். அவர் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அது விளங்கியது. கராஜ் கதவும் நினைவிருந்தது.

“அங்கிள், பிரேக்குக்குச் சவர்க்காரத் தண்ணி விடச் சொன்னது பிழை எண்டு ஒருவரி எழுதுங்கோவன்” என்றேன்.

“பிழை இல்லைப் பிள்ளை. நான் ஓடினனான்.”

“அப்ப ஏலாது.”

தேநீர் வந்தது. எல்லோரும் குடித்தோம். மனைவி கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். “பிள்ளை, ஒண்டு கேக்கிறன். தடை ஆளுக்கோ, காருக்கோ?”

“ஆளுக்கு அன்ரி.”

“அப்ப கார் போகலாம்.”

“கார்ச் சொந்தக்காரர் களத்திலை சேர்ந்து பதிஞ்சால் போகலாம்.”

“காரின்ரை பதிவுப் புத்தகம், அந்த லொக் புக், என்ரை பேரிலைதான் கிடக்கு. இவர் ஜேர்மனியிலை கடையை வித்துப்போட்டு வரப் பிந்தினது. கார் வாங்கேக்கை இஞ்சை நான்தான் இருந்தனான்.”

சொந்தக்காரர்களுக்கான களத்தில் மூன்று வருடமாகக் கடைக்காரர் சொந்தக்காரராக இருந்திருக்கிறார். கேட்டபோது, வீட்டில் எல்லாம் பொதுதானே என்றார்.

“உமக்கு அந்த கியர் போடத் தெரியுமோ?” என்று மனைவியிடம் கேட்டார்.

“ஜேர்மனியிலை பேக்கரி வான் ஓடினது ஆர்?”

“அது வான்.”

“அதுக்கும் கியர் இருந்தது.”

அன்று மாலையே அன்ரியின் விண்ணப்பம் வந்தது. எல்லாப் பெட்டிகளையும் நிரப்பியிருந்தார். அதுவரை எந்த உறுப்பினரும் எல்லாப் பெட்டிகளையும் நிரப்பியது கிடையாது. மறுக்க என்னிடம் விதி இல்லை; காரணமும் இல்லை. பயணத்துக்கு முன்னான நாட்களில் களத்தில் ஆறு கேள்விகள் கேட்டார், ஒவ்வொன்றும் பொருளடக்கத்தைப் பார்த்த பிறகு. பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டிருக்கலாமே என்று தொலைபேசியில் சொன்னேன். “கேட்டால், தானே செய்யிறன் எண்டு கார்த் திறப்பைக் கையிலையிருந்து வாங்கிப்போடுவார்” என்றார்.

பயண நாளன்று மழை இல்லை. கரும்பச்சைக் கார் எனக்கு முன்னால் ஓடியது. அன்ரி நிதானமாக ஓட்டினார். ஏற்றங்களில் அவருக்குப் பின்னால் நீண்ட வரிசை சேர்ந்தது. அதில் ஒரு பேருந்தும் இருந்தது. இடது பக்கத்தில் அங்கிள் கைகளைக் கட்டிக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தார். ஒவ்வொரு கியர் மாற்றத்துக்கும் அவருடைய தலை சிறிதாக அசைவது பின்னாலிருந்து எனக்குத் தெரிந்தது.

கடற்கரைக்கு ஒரு மைல் முன்னால் எல்லோரும் நிறுத்திக் காரைத் துடைப்பது வழக்கம். அங்கே அங்கிள் என்னிடம் வந்தார், நடுவில் யாரும் இல்லாமல், முதல் முறையாக.

“பிள்ளை, இந்தக் கடைசித் துண்டை மட்டும் நான் ஓடட்டோ?”

விதியை மனதுக்குள் ஒருமுறை வாசித்தேன். “காரைப் பதியக் கூடாது எண்டுதான் விதி. ஓடக் கூடாது எண்டு இல்லை. அன்ரியைக் கேளுங்கோ.”

அவருடைய முகம் மலர்ந்தது. மனைவி முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்கள் பேச்சு அவருக்குக் கேட்டிருந்தது.

“மலையும் மேடும் ஓடினது நான். கடலைக் கண்ட உடனை நீங்களோ?” என்றார். பிறகு கொஞ்சம் இறங்கிவந்து, “இடப்பக்கத்துச் சிக்னல் கை இறுகிப்போச்சு. நீங்கள் உங்கடை கையை நீட்டுங்கோ” என்றார்.

இந்தக் கார்களில் சிக்னலுக்கு விளக்கு மின்னாது. கதவுத் தூணிலிருந்து சின்னதாக ஒரு மஞ்சள் கை வெளியே நீளும். அது நீளாவிட்டால் ஆள் நீட்ட வேண்டும். அங்கிள் இடப்பக்கத்திலேயே ஏறி உட்கார்ந்தார். கடற்கரை வீதிக்கு இடது பக்கம் திரும்பும் மூலையில், யன்னல் நிறைய உடம்பை வைத்து, கையை முழுதாக வெளியே நீட்டினார். நடைபாதையில் நின்ற புவியியல் ஆசிரியர் சரியாக அப்போது படம் எடுத்தார். இடப்பக்க நடைபாதையிலிருந்து எடுத்ததால் அங்கிளும் அவருடைய கையும் காரின் பச்சையும் கடலும்தான் விழுந்திருந்தன. ஸ்டியரிங்கும் அன்ரியும் அவருக்குப் பின்னால் முழுதாக மறைந்துவிட்டார்கள்.

படங்களைக் களத்தில் போட்டோம். படங்களின் கீழ் யாரும் கருத்து எழுதலாம். பிரான்சில் ஓட்டுநர் இருப்பது இடது பக்கத்தில். இரண்டு நாளில் பாரிஸிலிருந்து மச்சான் எழுதினார்: “அத்தான், ஒற்றைக் கையாலை ஓடுறியள். வயசு போகேல்லை உங்களுக்கு.” அதன்கீழ் நோர்வேயிலிருந்தும் கனடாவிலிருந்தும் வாழ்த்துகள். கனடாக்காரர் ஒருவர் ஒரு வரி முழுக்க ஆச்சரியக்குறிகளையே போட்டிருந்தார்.

களத்தில் பிழையான தகவல்களைத் திருத்துவது என் வேலை. திருத்தப் போனேன். எனக்கு முன்னால் அன்ரி தன் பெயரில் பதில் போட்டிருந்தார்: “ஓம் தம்பி. வடிவாத்தான் வந்தவர்.”

தொலைபேசி எடுத்து, இப்படி விட்டுவிடலாமா என்று கேட்டேன்.

“இருக்கட்டும் பிள்ளை. நேற்று முழுக்க ஃபோன்தான். சிரிச்சுக் கதைச்சுக்கொண்டு இருக்கிறார்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “அடுத்த வருசத்துக்கும் என்ரை பேரைத்தான் போடோணும், என்ன?”

பதிவு மார்ச்சில்தான் தொடங்கும் என்றேன்.

“சரி, மார்ச்சிலை எழுதுறன்” என்றார். எழுதினார், தடை அறிவித்தலின் அடியில் நான் கொடுத்திருந்த, அதுவரை ஒருவரும் எழுதியிராத மின்னஞ்சல் முகவரிக்கு.