நோலா போடாத கையெழுத்து

நோலா ஹனிகனுக்கு எழுபத்திரண்டு வயது. சிட்னியிலிருந்து வெகுதூரத்தில், கோதுமை வயல்களுக்கு நடுவே கிடக்கும் குர்ராபினில் பிறந்து, அங்கேயே ஒரு லாரிக்காரரைக் கட்டிக்கொண்டு, அவரை அடக்கமும் செய்து, முதியோர் இல்லத்தில் முப்பத்தொரு வருடம் கிழங்களைக் குளிப்பாட்டித் துடைத்துவிட்டவள். சாகக் கிடப்பவர்கள் உளறியதையெல்லாம் கேட்டிருக்கிறாள். ஒன்றையும் வெளியே விட்டதில்லை. அந்தத் தடித்த உறை அவளைத் தேடி வந்ததும் அதனால்தானோ என்னவோ.

மறைமாவட்டத்து ஆயர், அதாவது பிஷப், ஓய்வுபெற்றுப் பதினோரு மாதமாகியும் அவர் இடம் காலியாகவே இருந்தது. உறை திருத்தந்தை போப்பின் தூதரிடமிருந்து வந்திருந்தது. உள்ளே, அந்த இடத்துக்குப் பரிசீலனையில் இருந்த குர்ராபின் பங்குக் குரு ஃபாதர் டெஸ்ஸைப் பற்றி நான்கு பக்கக் கேள்விகள். ஜெபிக்கிறாரா, குடிக்கிறாரா, கோபம் வருமா, ஆட்களை நடத்தத் தெரியுமா? கேட்டதை யாரிடமும் மூச்சுவிடக் கூடாது. முக்கியமாக அவருக்கே, என்றைக்கும் தெரியக் கூடாது. மீறினால் பெரும் பாவம்.

சமையலறை மேசையில் உட்கார்ந்து நோலா உள்ளதை உள்ளபடி எழுதினாள். சத்தமாகப் பேசுவார். எரிச்சல் வரும். ஆனால் வறட்சி வருடத்தில் பண்ணை பண்ணையாகப் போய் மனமுடைந்த விவசாயிகளின் துப்பாக்கிகளை வாங்கிவந்து தன் வீட்டில் பூட்டிவைத்தவர். அதனால் நாலு ஆண்கள் இன்று உயிரோடிருக்கிறார்கள். இவர் ஆயரானால் சின்ன ஊர்க் கோயில்களை மூட விடமாட்டார். அவளுக்கு வேண்டியது அதுதான்.

மூன்று வாரம் கழித்து, ஞாயிறு பூசை முடிந்து தேநீர் குடிக்கும்போது, ஐம்பது வருடத் தோழி கோரல் ஒரு தாளை நீட்டினாள்.

"ஃபாதர் டெஸ்ஸையே ஆயராக்கணும்னு தூதருக்கு மனு. முந்நூறு பேர் போட்டாச்சு. நீயும் போடுடி."

நோலா தாளை அவள் பக்கமே தள்ளினாள். "அனுப்பாதே கோரல். ஆள் சேர்த்தா அவரே தூண்டிவிட்டார்னு மேல நினைப்பாங்க. அவர் பேரே அடிபட்டுப் போகும். முதியோர் இல்லத்துல இருந்த பழைய ஃபாதர் சொல்லியிருக்கார்."

"யாரு, தலையணைக்கு ஆசீர்வாதம் குடுத்துட்டிருந்தாரே, அவரா?"

"கொஞ்ச நாள் சும்மா இரேன்."

"சும்மா இருந்தா யாருடி வந்து நம்மளைக் கேக்கப் போறா? இந்தக் கோயில்ல நமக்குக் குடுத்த வேலை சாண்ட்விச் வெட்டுறது மட்டும்தான்!"

'அவர் பெயர் ஏற்கெனவே மேலே போயாச்சு' என்ற ஒரு வரி போதும், கோரல் தாளை மடித்திருப்பாள். அந்த வரி நாக்கு நுனிவரை வந்தது. நோலா அதை விழுங்கினாள்.

"நான் போடல."

"போடாட்டி போ. உனக்கு சிட்னிலேர்ந்து வழவழன்னு ஒரு ஆள் வேணும்போல."

மனு போனது. நான்கு மாதத்தில் புது ஆயர் வந்தார். சிட்னிக்காரர்தான், திருச்சபைச் சட்டம் படித்தவர். மனு கெடுத்ததா, நோலா எழுதிய 'எரிச்சல் வரும்' கெடுத்ததா, முதலிலிருந்தே முடிவானதா? மேலிடம் காரணம் சொல்வதில்லை. அவரை ஆயராக்கும் திருப்பொழிவுச் சடங்கன்று நியமன ஓலையை வாசித்தார்கள். மக்கள் புத்தகத்தில் போட்டிருந்தபடி "இறைவனுக்கு நன்றி" என்றார்கள். மக்களுக்கு இருந்த பங்கு அந்த இரண்டு வார்த்தைதான்.

மறுவருடம் ஏழு கோயில்கள் மூடப்பட்டன. குர்ராபினும் அதில் ஒன்று. ஃபாதர் டெஸ்ஸை நானூறு கிலோமீட்டர் தள்ளி மாற்றினார்கள்.

பிரிவு விருந்தில் நோலாவின் இரண்டு பக்கத்து நாற்காலியும் காலி. கோரல் அவளிடம் பேசி ஒரு வருடமாகியிருந்தது. ஃபாதர் டெஸ்தான் தட்டோடு வந்து உட்கார்ந்தார்.

"நோலா, நீ மட்டும் கையெழுத்துப் போடலைன்னு சொன்னாங்க. பதவி கிடக்கட்டும். நான் உனக்கு என்ன தப்பு பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணல, ஃபாதர்."

"பின்னே ஏன்?"

"சொல்ல முடியாது."

அவர் தட்டை எடுத்துக்கொண்டு கோரலின் மேசைக்குப் போனார். அதற்கப்புறம் அவர் ஊருக்கு எழுதிய கடிதமெல்லாம் கோரலுக்குத்தான் வந்தது.