பின்சீட்டில் பேசியவை

பார்சல் கொண்டுபோய்க் கொடுப்பது அவர் வேலை. ஆனால் தெருவில் அவருக்கு டமாரம் என்றுதான் பேர். அவர் மோட்டார் சைக்கிள் முக்கு திரும்பும்போதே கடைக்காரர், "வந்துட்டார்யா டமாரம்!" என்பார். சைலன்சருக்குள் சத்தத்தை அடக்கும் தடுப்பைக் கழற்றி எறிந்த புண்ணியவான் அவர். "நான் வர்றது லாரிக்காரனுக்குக் கேக்கணும், அவன் ஹாரன் எனக்குக் கேக்கணும். இல்லேன்னா உயிர் மிஞ்சாது" என்று அடித்துப் பேசுவார்.

மனைவி மருந்துக்கடையில் பில் போடுகிறவள். மெல்லிய குரல். வீட்டில் ஆயிரம் வேலை. கடைக்குப் போகும் வழியில்தான் பேச நேரம். பின்சீட்டில் உட்கார்ந்ததும் ஆரம்பிப்பாள். காற்றும் இன்ஜினும் போட்ட இரைச்சலில் அவருக்கு ஒரு சொல்லும் பிடிபடாது. எத்தனை தடவைதான் "என்ன?" என்று கேட்பது? "ம்ம்" என்று தலையாட்டி வைப்பார். மகராசன், அதில் மட்டும் குறை வைத்ததில்லை.

ஒருநாள் அவள் காதில் வைக்கும் அடைப்பான் வாங்கி வந்தாள். "இதை வச்சா காத்து இரைச்சல் குறையும், பேச்சு நல்லாக் கேக்குமாம்ங்க."

"காதை அடைச்சா பேச்சு கேக்குமா? யார்கிட்ட கதை விடறே!" என்று சிரித்தவர், ஆடிக்கொண்டிருந்த வண்டிக் கண்ணாடியின் இடுக்கில் அதைத் திணித்தார். ஆட்டம் நின்றது.

அந்த வாரமே பின்சீட்டில் ஏதோ கேட்டாள். தலையாட்டினார். ஞாயிற்றுக்கிழமை கூடுதல் வேலை முடித்து வந்தபோது, வெளியே கிளம்பும் உடுப்போடு அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"எங்கம்மாவுக்கு முடியலை, ஞாயித்துக்கிழமை போலாமான்னு கேட்டேன். சரின்னு தலையாட்டினீங்களே."

நாளைக்குப் போகலாம் என்றார். விடிவதற்குள் போன் வந்துவிட்டது, அம்மா போய்விட்டாள் என்று.

காதில் விழவில்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "மறந்துட்டேன்" என்றார். பாவி மனுஷன், அதைவிடக் கொடுமையான பொய் கிடைக்கவில்லையா!

வருஷங்கள் ஓடிவிட்டன; இப்போது அவர் காதுக்குள் ஓயாமல் ஒரு ரீங்காரம். டாக்டர் திட்டிய திட்டில் சைலன்சர் தடுப்பும் திரும்பி வந்தது, காதுக்கு அடைப்பானும் வந்தது. அதை வைத்துக்கொண்டு முதல்முதலாக அவளை ஏற்றிக்கொண்டு போனார். அட, இரைச்சல் அடங்கியதும் பின்னால் வந்த சைக்கிள் மணிகூடத் தனியாகக் கேட்டது! அவள் சொன்னது நிஜந்தான். முதுகுப் பக்கம் ஏதோ பேச்சு கேட்டது போலிருந்தது. பழக்கதோஷம், தலையாட்டிவிட்டார். உடனே வண்டியை ஓரங்கட்டித் திரும்பினார்.

"என்னமோ சொன்னியே, என்னம்மா? சொல்லு, இப்ப நல்லாக் கேக்குது."

"நான் ஒண்ணும் சொல்லலையே" என்றாள் அவள். "வண்டியில பேசறதை விட்டு வருஷக்கணக்காச்சு. கிளம்புங்க, கடை திறக்க நேரமாச்சு."