பக்கத்தில் நிற்பதற்கு ஒரு ரீவி

"ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் பார்ப்பீர்கள்?"

கடைக்காரர் கேட்டது நியாயமான கேள்விதான். பற்றரியில் ஓடுகிற ரீவி வேண்டும் என்று வந்து நிற்பவர்களிடம் வேறு எதைக் கேட்பது? நான் அதைத் தமிழில் ராசன் அண்ணைக்குச் சொன்னேன்.

"பாக்கிறதுக்கு இல்லையெண்டு சொல்லு தம்பி. பக்கத்தில நிக்கிறதுக்கு."

இதை எப்படி ஜேர்மன் மொழியில் சொல்வது? சொன்னாலும் அந்த மனிதர் எங்களைப் பற்றி என்ன நினைப்பார்? "இரண்டு மணித்தியாலம்" என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு நான் சொன்ன முதல் பொய் அது. அதற்குப் பிறகு எண்ணவில்லை.

இது நடந்து இரண்டு மாதமாகிறது. போன கிழமை வந்த ஒரு கடிதத்தோடு விஷயம் வெளிவந்துவிட்டது. அதனால் இப்போது எழுதலாம். ராசன் அண்ணை என்பது அவருடைய சொந்தப் பெயர் அல்ல. கேட்டுத்தான் எழுதுகிறேன். "எழுது... ஆனா என்னைக் கொஞ்சம் உயரமா எழுது" என்று மட்டும் சொன்னார்.

நாங்கள் இருவரும் இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்கிறோம். அவர் சலாட் வெட்டுவார். நான் சட்டி கழுவுவேன். ஹோட்டலுக்குப் பின்னால் ஒரு புல்வெளி. அதன் மூலையில் முதலாளியின் பழைய கரவன் ஒன்று நிற்கிறது. கோடையில் காருக்குப் பின்னால் கொளுவி இழுத்துக்கொண்டு போவார்களே, சில்லுப் பூட்டிய பெட்டி வீடு... அதுதான். இது இப்போது எங்கேயும் போவதில்லை. எங்களை உள்ளே வைத்துக்கொண்டு நிற்கிறது. கீழ்ப் படுக்கை அண்ணைக்கு, மேல் படுக்கை எனக்கு.

மின்சாரம் அந்த மூலைவரை வரவில்லை. லைற், காஸ் ஹீற்றரின் சின்னக் காற்றாடி எல்லாம் ஒரே பற்றரியில். சில நாளைக்கு ஒரு தடவை அதைக் கழற்றி, ஹோட்டலில் உடுப்புத் தோய்க்கிற அறைக்குத் தூக்கிக்கொண்டு போய் சார்ஜ் போடவேண்டும். தூக்குவது நான். படித்தவன் என்றால் பாரம் குறையுமா என்ன?

இந்த வீட்டுக்கு இங்குள்ளவர்களின் பெயர் வோன்வாகன். மாடி வீட்டுக்குப் பெயர் வோனுங். ராசன் அண்ணைக்குப் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண் வீட்டுக்கு அவர் சொல்ல நான் எழுதிய முதல் கடிதத்தில், "நான் வோனுங்கில் இருக்கிறேன்" என்று இருந்தது.

"பொய்யெல்லோ அண்ணை?"

"பாதி உண்மை. வோன் ரெண்டிலயும் இருக்குத்தானே?"

அவருக்கு வயது முப்பத்து நான்கு. முன்னர் வந்த மூன்று சம்பந்தமும், மாப்பிள்ளை நிரந்தரமாக ஓரிடத்தில் இல்லை என்று குழம்பிப் போயின. இது நான்காவது. பெண்ணின் பெயரைச் சுகந்தி என்று வைத்துக்கொள்வோம். தமையன்தான் கடிதம் எழுதுபவர். செப்டெம்பரில் அவர் எழுதினார்: மலைக்கு முன்னால் நிற்கிற படம் மூன்று வந்துவிட்டது, மலை வடிவாக இருக்கிறது, இனி மாப்பிள்ளை வீட்டுக்குள்ளே நிற்கிற படம் ஒன்று அனுப்பினால் நல்லது.

வீட்டுக்குள்ளே என்றால் எதற்குப் பக்கத்தில்? வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் போகும் படங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ரீவிக்கு மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நிற்கவேண்டும். அப்படி நின்றால்தான் வீடு, அடுப்பு, கம்பளம், வருங்காலம் எல்லாம் இருக்கிறது என்று அர்த்தம்.

எங்களிடம் ரீவி இல்லை.

ராசன் அண்ணை என்னைப் பிடித்துக்கொண்டார். "நீ படிச்சனீ. நீதான் பாத்து எடுக்கவேணும்."

இந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டுக் களைத்துவிட்டேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதனால் எழுத்து உள்ள எதுவும் என்னிடம்தான் வரும். மருந்துப் போத்தல், பஸ் ரிக்கற், கோயில் நோட்டீஸ்... வடை சுற்றி வந்த பேப்பரைக்கூட, "என்ன போட்டிருக்கு?" என்று என்னிடம் கேட்ட பிறகுதான் ஐயா எறிவார். இங்கே வந்தால் இந்த உத்தியோகம் முடியும் என்று நினைத்தேன். வந்து பார்த்தால் தமிழை விட்டு ஜேர்மன் மொழிக்கு மாற்றம் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். "தெரியாது" என்று ஒரு சொல் இருக்கிறது. அது எனக்குத் தெரியாத மொழியில் இருக்கிறது போல.

கடையில் ராசன் அண்ணை நேராக ஒரு பெரிய மரப்பெட்டி ரீவிக்கு முன்னால் போய் நின்றார். அவருடைய நெஞ்சளவு.

"உது கரவன் கதவுக்குள்ளால வராது அண்ணை."

"கதவைக் கழட்டேலாதோ?"

"பற்றரியிலயும் ஓடாது."

அடுத்தது, கறுப்பு வெள்ளை. கைப்பிடி வைத்த சின்னப் பெட்டி. மிகக் குறைந்த மின்சாரம் போதும், முகாம் போடுகிறவர்கள் இதைத்தான் வாங்குகிறார்கள் என்று கடைக்காரர் மெனக்கெட்டு விளங்கப்படுத்தினார். நல்ல மனிதர். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. ராசன் அண்ணை அதன் மேல் கையை வைத்துப் பார்த்தார். கை முழங்காலுக்குப் போயிற்று.

"ரேடியோவுக்குப் பக்கத்தில குனிஞ்சு நிக்கிறன் எண்டு நினைப்பினம்."

கடைசியில் பதினான்கு அங்குலக் கலர். வீட்டு மின்சாரத்திலும் ஓடும், பன்னிரண்டு வோல்ற் பற்றரியிலும் ஓடும். ஆனால் கறுப்பு வெள்ளையைப் போல் மூன்று மடங்குக்கு மேல் குடிக்கும். கடைக்காரர் என்னைப் பார்த்தார். அண்ணையும் என்னைப் பார்த்தார். நான் விளம்பரத் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். பற்றரி அறுபது அம்பியர் மணி. ரீவிக்கு நாலு அம்பியர், லைற்றுக்கு ஒன்று, காற்றாடிக்கு ஒன்று. மொத்தம் ஆறு. அறுபதை ஆறால் பிரித்தால் பத்து. நாளுக்கு இரண்டு மணித்தியாலம் என்றால் ஐந்து நாள்.

"அஞ்சு நாள் நிக்கும் அண்ணை" என்றேன். கல்வி பேசியது.

செவ்வாய்க்கிழமை கொண்டுவந்தோம். படம் பிடிப்பதற்குப் புதன்கிழமை, எங்கள் இருவருக்கும் லீவு நாள். பக்கத்தில் நிற்பதற்கு என்று வாங்கிய பெட்டியை அதற்கிடையில் சும்மா வைத்திருந்தோமா? வேலை முடிந்து வந்து முன்னால் குந்திக்கொண்டோம். மொழி விளங்காத ஒருவர் காலநிலை சொல்வதைக்கூட ராசன் அண்ணை வாய் திறந்து பார்த்தார்.

புதன்கிழமை பின்னேரம் இரண்டு மணிக்கு எல்லாம் தயார். ஹோட்டலில் பரிமாறுகிற இத்தாலியன் ஒருவன் தன்னுடைய கோட்டையும் கமெராவையும் இரவல் தந்திருந்தான். ஜன்னலை மறைத்துக் கட்டிலின் துணியைக் கட்டினோம். ரீவிக்குக் கீழே இருந்த தக்காளிப் பெட்டியை மேசை விரிப்பால் மூடினோம். வெளிச்சம் வேண்டுமே, கதவை நன்றாகத் திறந்து வைத்தோம். கூரை பதிவு, உயரம் குறைவு. ராசன் அண்ணை நிமிர்ந்து நிற்கலாம். நான் நெட்டையன், முதுகை மடித்துக்கொண்டுதான் கமெரா பிடிக்கவேண்டும்.

ரீவியைப் போட்டோம். அந்த நேரத்தில் நிகழ்ச்சி ஒன்றும் இல்லை. வட்டமும் கட்டமுமாகக் கலர் கலராய் ஒரு பரிசோதனைப் படம் மட்டும் நின்றது.

"இதோட எடுப்பம் அண்ணை. நல்ல கலர்."

"விசரே? பழுதான ரீவி எண்டு நினைப்பினம்."

காத்திருந்தோம். ரீவி ஓடிக்கொண்டே இருந்தது. நாலரை மணிபோல ஒரு பொம்மை வந்து பிள்ளைகளுக்குக் கதை சொன்னது. அது வேண்டாம். ஒரு பெண் பாடினாள். தோள் தெரிகிற சட்டை.

"ஐயோ, இது கட்டாயம் வேண்டாம். இதுக்குப் பக்கத்தில கையை வைச்சால் நாலாவதும் போச்சு."

பிறகு பனி மலை ஒன்று வந்தது. வெள்ளை மலை, நீல வானம். அண்ணை கோட்டை இழுத்துவிட்டு, கையை ஊன்றி, மூச்சைப் பிடித்தார். நான் குனிந்து கண்ணை வைத்தேன். மலை நாலு பக்கத்தாலும் சுருங்கத் தொடங்கியது. தபால் அட்டை அளவானது. முத்திரை அளவானது. ஒரு வெள்ளைப் புள்ளியாகி அணைந்தது. ஹீற்றரின் காற்றாடியும் ஒரு தடவை முனகிவிட்டு நின்றது.

மூச்சைப் பிடித்தபடியே அண்ணை சொன்னார்: "பரவாயில்லை, எடு. அணைஞ்சாலும் ரீவி ரீவிதானே."

எடுத்தேன். அந்த இரவு முழுக்க இத்தாலியனின் கோட்டோடு அவரும், என்னிடமிருந்த எல்லாச் சட்டையோடும் நானும் படுத்தோம்.

மறுநாள் பற்றரியைத் தோய்க்கிற அறைக்குக் கொண்டுபோனபோது, ஹோட்டலைப் பராமரிக்கிற கிழவர் என் கணக்குத்தாளை வாங்கிப் பார்த்தார். பென்சிலை எடுத்து அறுபதை வெட்டி முப்பது என்று எழுதினார். பழைய பற்றரியில் பாதிதான் எடுக்கலாம், குளிரில் அதுவும் இல்லை என்றார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்: "நீங்கள் ரீவி பார்க்காத நேரத்தில் காற்றாடியை நிற்பாட்டிவிடுவீர்களா?"

இல்லை. அது விடிய விடியச் சுற்றும். என் கணக்கில் அது ரீவி பார்க்கும்போது மட்டும்தான் சுற்றியது.

படம் கழுவி வந்தது. கோட் சரியாக இருந்தது, கை சரியாக இருந்தது, சிரிப்பு பரவாயில்லை. ராசன் அண்ணை தன்னைப் பார்த்தார். நானும் அவரைத்தான் பார்த்தேன். உறையில் போட்டு அனுப்பினோம்.

அதன் பிறகு அவர் ஒவ்வொரு நாளும் தபால் பெட்டியைத் திறந்து பார்ப்பார். ஒன்றும் வராத நாளில் வெள்ளரிக்காய் தடித்த துண்டாக விழும். சமையலறைக்கே தெரியும்.

போன கிழமை வந்தது. ஆனால் தமையனின் எழுத்து இல்லை. வட்ட வட்டமாக, நிதானமான எழுத்து. அண்ணை கரவனின் படியில் இருந்துகொண்டு கடிதத்தை என்னிடம் நீட்டினார்.

"நீ வாசி தம்பி. எனக்குக் கண் ஓடேல்லை."

வாசித்தேன்.

"படம் கிடைத்தது. கோட் உங்களுக்குக் கொஞ்சம் பெரிது. அண்ணா ரீவியைப் பார்த்துவிட்டு, வீடு வசதிதான் என்று சொன்னார். அவர் ரீவியைத்தான் பார்த்தார். நான் ரீவிக்குள்ளே தெரிவதைப் பார்த்தேன். தையல் வேலைக்கு வைத்திருக்கிற பெருப்பிக்கிற கண்ணாடியால் பார்த்தேன்."

ராசன் அண்ணை நிலத்தைப் பார்த்தார். "முடிஞ்சுது" என்றார்.

"பொறுங்கோ, இன்னும் இருக்கு."

"ஒரு கதவு திறந்திருக்கிறது. வாசலோடு புல். பக்கத்தில் காஸ் சிலிண்டர். மேலும் கீழுமாக இரண்டு படுக்கை, மேலே ஒரு காற்சட்டை தொங்குகிறது. படம் எடுக்கிற தம்பி கூரையில் தலை முட்டாமல் குனிந்து நிற்கிறார். இதை நான் அண்ணாவுக்குச் சொல்லவில்லை. நீங்கள் சொல்லவேண்டியது. எனக்கு இரண்டு கேள்வி. அங்கே உங்களுக்குக் குளிர்வதில்லையா? நான் வந்தால் அந்தத் தம்பி எங்கே போவார்?"

ராசன் அண்ணை படியில் நகர்ந்து எனக்குக் கிட்ட வந்தார்.

"கடைசி வரியைத் திருப்பி வாசி."

வாசித்தேன். இன்னொரு தடவை கேட்டார். மூன்றாம் தடவை வாசித்தபோது அவருக்கு மூக்கு ஒழுகியது. குளிர்தான் என்று சொன்னார். நான் நம்பினேன்.

வழமையாக அவருடைய கடிதங்களை நான்தான் எழுதுவேன். பேனையை எடுத்தேன். "இதை நானே எழுதுறன்" என்று வாங்கிக்கொண்டார். தமையனுக்கு ஒன்று, சுகந்திக்கு ஒன்று. நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினார். இடையில் ஒரு தடவை மட்டும் நிமிர்ந்து பார்த்தார்.

"வோன்வாகன் எண்டு முழுசா எழுதிப்போட்டன். சில்லு இருக்கெண்டும் எழுதட்டோ?"

"எழுதுங்கோ அண்ணை."

தமையன் என்ன சொல்வாரோ தெரியாது. தங்கச்சி சொல்லிவிட்டாள். ராசன் அண்ணை இப்போது வெள்ளரிக்காயைக் கடதாசி போல் வெட்டுகிறார். ரீவி தக்காளிப் பெட்டியின் மேல் மூடிக் கிடக்கிறது. பற்றரி காற்றாடிக்கு மட்டும். நான் லீவு நாட்களில் அறை தேடித் திரிகிறேன். எனக்கு வந்த கடிதம் அல்ல, ஆனால் வெளியேறச் சொன்னது என்னைத்தான்.

நாங்கள் ஊருக்கு அனுப்புகிற படங்களில் எதைக் காட்டவேண்டும் என்று எவ்வளவு பாடுபடுகிறோம்? அதைப் பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். எங்களோடு வந்து இருக்கப்போகிறவர்கள் மற்றதைத்தான் பார்ப்பார்கள் போலிருக்கிறது.

எனக்கு ஒரேயொரு வெட்கம்தான் மிச்சம். ரீவிக் கண்ணாடி முன்னுக்குப் புடைத்தது. அணைத்துவிட்டால் அது ஒரு குவிவாடி. குவிவாடிக்குள் முழு அறையும் அடங்கும் என்பது பள்ளிக்கூடத்தில் நான் படித்த பாடம். "விம்பம் சிறியது, நிமிர்ந்தது" என்று எழுதி முழுப் புள்ளியும் வாங்கினேன்.

குனிந்து நிற்கிறவன் அதிலும் குனிந்துதான் தெரிவான் என்று அந்தப் புத்தகத்தில் இருக்கவில்லை.