பதினோரு முறை வந்த செய்தி

ரத்தப் பரிசோதனை லேப்பிலிருந்து அழைப்பு வந்தபோது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கவுண்டரில் இருக்கும் பெண் பேசினாள். பக்கத்தில் யாரோ இருப்பதால் குரலைத் தாழ்த்தியிருந்தாள்.

"அக்கா, கொஞ்சம் வந்துட்டுப் போறீங்களா? ஒரு அண்ணாச்சி வந்து உக்காந்திருக்காவ. மெசேஜ் அனுப்புத பிள்ளையப் பாக்கணும்னு சொல்லுதாவ. நான் என்னத்தச் சொல்ல?"

மெசேஜ் அனுப்பும் பிள்ளை என்று அங்கே யாரும் கிடையாது. அனுப்புவது நான் எழுதிக் கொடுத்த ஏஜென்ட். கையைக் கழுவிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

கணவருக்குச் சங்கரன்கோவில் தாலுகா அலுவலகத்துக்கு மாற்றலானபோது சென்னை வேலையை விட்டுவிட்டு வந்தவள் நான். வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து சின்னச் சின்ன நிறுவனங்களுக்கு, இருக்கிற மென்பொருளோடு ஒட்டிக்கொள்ளும் பிளகின் எழுதிக் கொடுத்துவந்தேன். ஏஜென்ட் என்பது, ஒரு வேலையைச் சொல்லிவிட்டால் அடுத்து என்ன செய்வதென்று தானே முடிவெடுத்துச் செய்துகொண்டு போகும் மென்பொருள். அது ஓடுவதற்கான ஏற்பாட்டை ரன்டைம் என்போம். பெரும்பாலும் அது எங்கோ இருக்கும் பெரிய கம்பெனியின் கணினியில்தான் ஓடும். லேப்பை நடத்தும் டாக்டர் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. நோயாளிகளின் விவரம் தன் கட்டடத்தைத் தாண்டக் கூடாது என்றார். அதனால் லேப்பின் பின்னறையில் இருந்த கணினியிலேயே ஏஜென்ட் ஓடும்படி நானே ஒரு ரன்டைம் எழுதினேன். லேப்பின் பதிவுகளோடும் மெசேஜ் அனுப்பும் சேவையோடும் அதை இணைக்க ஒரு பிளகினும் எழுதினேன்.

ரிப்போர்ட் தயாராகியும் வாங்க வராதவர்களுக்கு நினைவூட்டுவதுதான் ஏஜென்டின் வேலை. எல்லாவற்றிலும் பழைய ரிப்போர்ட் யாருடையதோ அவர் பட்டியலில் முதலில் வருவார். அந்த அறையில் யூபிஎஸ் பேட்டரி வீணாய்ப்போயிருந்தது. ஆகவே கரண்ட் போய் வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும்படி வைத்திருந்தேன். ஐம்பது பேருக்கு அனுப்பியதும் 'முடிந்தது' என்று குறித்துக்கொள்ளும். ஒவ்வொருவருக்கும் குறித்தால் அந்தக் கணினி திணறுகிறது என்று ஐம்பதுக்கு ஒருமுறை ஆக்கியதும் நான்தான். ஒரே வாசகம் மறுபடி போனால் யாரும் படிக்க மாட்டார்கள் என்பதால், முன்பு அனுப்பியதைப் படித்துப் பார்த்து வேறு மாதிரி எழுதச் சொல்லியிருந்தேன். வீட்டு மனுஷி விசாரிப்பதுபோல எழுது என்று ஒரு வரியும் சேர்த்திருந்தேன். அந்த வரியில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

கோவிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறிய வாரம் காற்று பேயாக அடித்தது. கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. ஐம்பது முடிவதற்குள் கரண்ட் போய்விட்டால், திரும்ப வந்ததும் ஏஜென்ட் பட்டியலின் முதல் பெயரிலிருந்து மறுபடி ஆரம்பித்திருக்கிறது. அது எனக்குத் தெரியாது. நான் பார்த்த இடத்திலெல்லாம் 'அனுப்பப்பட்டது' என்றே இருந்தது.

நான் போனபோது அவர் சுவரோரம் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அறுபதைத் தாண்டியவர். இளையரசனேந்தல் பக்கம் மானாவாரிக் காடு வைத்திருப்பவர் என்று பிறகு தெரிந்தது. மொட்டையடித்த தலையில் முடி முளைத்துக்கொண்டிருந்தது.

"நீதானா மக்கா அது?" என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் சட்டைப்பையிலிருந்து ஒரு போனை எடுத்து நீட்டினார்.

"இது எம் பொண்டாட்டி போனு. அவ போய்ச் சேந்துட்டா. காரியம் முடியாம எங்கயும் போகக் கூடாதுன்னுட்டாவ. அதான் வர இம்புட்டு நாளாயிட்டு."

போனை வாங்கிப் பார்த்தேன். நான்கு நாட்களில் பதினோரு செய்திகள். முதலாவது சாதாரணமானது: ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் தயார், வந்து பெற்றுக்கொள்ளவும். மூன்றாவதில், 'அம்மா, இன்னும் வரவில்லையே, உடம்பு சுகம்தானே?' என்று இருந்தது. ஏழாவதில், 'வெயில் தாழ்ந்து வந்தாலும் போதும், கவுண்டரில் ஆள் இருப்பார்கள்.' கடைசியில், 'தள்ளிப்போடாதீர்கள் அம்மா. உங்களை நினைத்துக்கொண்டே இருக்கிறோம்.'

"பெத்த மவன் திருப்பூர்ல இருக்கான். அவன்கூட இத்தன தடவ கேட்டதில்ல," என்றார். "யாரோ ஒரு பிள்ள கேட்டுக்கிட்டே இருக்கு. அவ இல்லன்னு நேர்ல வந்து சொல்லிரணும்லா. இல்லன்னா அந்தப் பிள்ள எதிர்பாத்துக்கிட்டே கெடக்கும்."

திட்டியிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன். வழியெல்லாம் அதற்குத்தான் தயார்செய்துகொண்டு வந்திருந்தேன். கவுண்டர் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆமாம், நான்தான் எழுதினேன் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. ஆனால் அது பொய்.

"அண்ணாச்சி, இத யாரும் எழுதல. கம்ப்யூட்டரே எழுதுது. கரண்டு போயிப் போயி வந்ததுல ஒங்களுக்குத் திரும்பத் திரும்ப வந்துட்டு. தப்பு எம்மேலதான்."

"கம்ப்யூட்டரா?" போனை வாங்கி, அந்த ஏழாவது செய்தியை விரலால் தேடி எடுத்தார். "வெயில் தாழ வான்னு போட்டிருக்கே. அதுக்கு வெயிலு தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப யாருமே எழுதலையா?"

"இல்ல அண்ணாச்சி."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரத்தம் கொடுக்க வந்த இரண்டு பேர் உள்ளே போய்த் திரும்பி வந்துவிட்டார்கள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கேன். தள்ளிப்போடாதீங்கன்னு வந்திருக்குல்லா. முன்னாடியே வந்து இத வாங்கியிருந்தா அவ பொழச்சிருப்பாளா?"

கவுண்டர் பெண் அந்த ரிப்போர்ட்டை ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தாள். இறந்தது என்றைக்கு என்று கேட்டுவிட்டு, தயாரான தேதியைப் பார்த்தேன். இறந்ததற்கு ஒரு நாள் முந்தியது. அன்று அந்த அம்மா திருநெல்வேலியில் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார். வீட்டில் கிடந்த போனை யாரும் பார்க்கவில்லை. அந்தத் தாளிலிருந்த எண்களுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது.

"அப்படியெல்லாம் இல்ல அண்ணாச்சி," என்றேன். தெரிந்து சொன்னது அல்ல.

அவர் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கி நான்காக மடித்து வைத்துக்கொண்டார். "இனிமே வராதுல்லா?" என்றார். வராது என்றேன். பஸ் ஸ்டாண்டில் கொண்டுவிடுகிறேன் என்றதற்கு, "வேண்டாம் மக்கா, நடந்துக்கிடுதேன்," என்று சொல்லிவிட்டு வெயிலில் இறங்கிப் போனார்.

பின்னறைக்குப் போய்க் கணினி முன் உட்கார்ந்தேன். கணினி திணறினால் திணறட்டும் என்று, ஒவ்வொருவருக்கும் அனுப்புவதற்கு முன்பே குறித்துக்கொள்ளும்படி மாற்ற அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அவ்வளவு சின்ன வேலை அது. வீட்டு மனுஷி வரியை அழித்தேன். ஒருவருக்கு இரண்டு செய்திக்கு மேல் போகக் கூடாது, அதற்கும் வராவிட்டால் ஒரு தனிப் பட்டியலில் சேர்க்க வேண்டும், அவர்களை ஆள் போன் பண்ணிக் கேட்க வேண்டும் என்று புதிதாக எழுதினேன். டாக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர், "அவரு கோவப்படலல்லா? நல்லதாப் போச்சு," என்றார்.

போன் பண்ணும் வேலை கவுண்டர் பெண்ணின் தலையில் விழுந்தது. மூன்று வாரம் கழித்து என்னிடம் வந்தாள்.

"அக்கா, இத அந்தக் கம்ப்யூட்டரே பாத்துக்கிடட்டும்க்கா. போனைப் போட்டா அந்தப் பக்கம் அழுதாவ. மத்தியானம் சோறு எறங்க மாட்டேங்கு."

அவளைக் குறை சொல்ல எனக்கு என்ன இருக்கிறது? சனிக்கிழமைதோறும் நானே போய் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு போன் பண்ணினேன். பெரும்பாலோர் மறந்துபோனவர்கள், வேறு டாக்டரிடம் போனவர்கள். சிலர் இறந்திருந்தார்கள். சிவகிரியில் ஓர் அம்மா, மகன் இறந்ததைச் சொல்லிவிட்டு, போனை வைக்காமல் அவன் சின்ன வயதில் எப்படியிருந்தான் என்று இருபது நிமிஷம் பேசிக்கொண்டிருந்தார். நான் 'உம்' கொட்டிக்கொண்டிருந்தேன்.

இரண்டு மாதம் செய்தேன். பிறகு புது வேலை வந்துவிட்டது, நேரமில்லை என்று டாக்டரிடம் சொன்னேன். புது வேலை வந்தது உண்மைதான். ஆனால் வெள்ளிக்கிழமையே, மறுநாள் யாரும் போனை எடுக்காமலிருக்க வேண்டுமே என்று நினைக்க ஆரம்பித்திருந்தேன். அதைச் சொல்லவில்லை. இதற்கென்று ஓர் ஆள் போட்டுவிடலாம் என்றார் டாக்டர். இன்னும் போடவில்லை.

போன மாதம் ரன்டைமைப் புதுப்பிக்க அங்கே போயிருந்தேன். எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. யாருக்கும் இரண்டுக்கு மேல் போகவில்லை. போன் பண்ண வேண்டியவர்களின் பட்டியலைத் திறந்தேன். நான் விட்ட பிறகு யாரும் அழைக்காத பெயர்கள், கீழே போகப் போக வந்துகொண்டேயிருந்தன. பாதிவரை போய்விட்டு மூடினேன். கவுண்டர் பெண் டீ வாங்கி வைத்திருந்தாள். குடித்துவிட்டுக் கிளம்பினேன்.