வெறும் பெட்டி

நாலு வயது மகள் முன்பள்ளியால் வந்ததும் நான் சாப்பாட்டுப் பெட்டியைத்தான் திறந்து பார்ப்பேன். வெறுமையென்றால் கொஞ்சுவேன், மிச்சமென்றால் ஏசுவேன். சில கிழமைகளாகப் பெட்டி வெறுமையாகவே வந்தது. ஆனால் கிளினிக்கில் அவளை நிறுத்துப் பார்த்தபோது நிறை குறைந்திருந்தது.

மறுநாள் இடைவேளைக்கே போனேன். கோட்டைப் பக்கமிருந்து ஊருக்குள் மேய வரும் மான்களில் ஒன்று முன்பள்ளி வேலியோரம் நின்றது. மகள் அதற்குத் தன் ரொட்டியைக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏனம்மா, பசிக்கேல்லையா?"

"பசிக்குது. பல்லு நோகுது, கடிக்க ஏலாது."

"என்னட்டச் சொல்லியிருக்கலாம்தானே?"

"பெட்டி வெறுமையா இருந்தால்தானே நீங்கள் சிரிப்பீங்கள்."

பல்லுக்கு மருந்து எடுத்துவிட்டோம். இப்போது பெட்டியை விட்டு, அவள் முகத்தைத்தான் முதலில் பார்க்கிறேன். அவள் சிரிக்கிறாள். அதுவும் எனக்காகத்தானோ என்று பயமாக இருக்கிறது.