புற்றைச் சுற்றி ஒரு மழைத்தோட்டம்

மழை பெய்தால் கூரைத் தண்ணீரும் ரோட்டுத் தண்ணீரும் சேர்ந்து எங்கள் பள்ளிக்கூட மைதானத்தைக் குளமாக்கிவிடும். அதற்காகத்தான் மழைத்தோட்டம் போட்டோம். தாழ்ந்த மூலையில் அகலமாகப் பள்ளம் பறித்து, மணலும் சல்லியும் கொட்டி, வெட்டிவேரும் கல்வாழையும் நட்டால் தண்ணீர் அங்கேயே மண்ணுக்குள் இறங்கிவிடும். நல்ல யோசனைதான். ஆனால் அந்த மூலையில் ஒரு பாம்புப் புற்று இருந்தது.

பள்ளம் பறிக்க வந்த அண்ணாச்சி மம்பட்டியைக் கீழே போட்டுவிட்டார். "புத்துல நான் கை வைக்கமாட்டேன் டீச்சர். கோமதியம்மன் கோயில் புத்துமண்ண நெத்தியில பூசுத ஊருல்லா இது!" தலைமையாசிரியையும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். புற்றை நடுவில் விட்டு, சுற்றிலும் பறித்தார்கள்.

"பள்ளம் நெறஞ்சா உள்ள கெடக்கது எங்கன போவும்?" என்று கேட்டேன். பாம்பென்றால் படையும் நடுங்கும், ஒன்றாம் வகுப்பு டீச்சர் நான் எம்மாத்திரம்!

"ஒங்களுக்குத் தொட்டதுக்கெல்லாம் பயம்" என்று தலைமையாசிரியை சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஐப்பசியில் முதல் மழை கொட்டியது. மத்தியானத்துக்குள் புற்று பாதி முழுகிவிட்டது. பிள்ளைகள் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் வராந்தாவில் நின்று புற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். கருப்பாக ஒன்று தண்ணீரில் நெளிந்து வந்து, படியேறி, நேரே என் ஒன்றாம் வகுப்புக்குள் போனது. உள்ளே, காய்ச்சலில் ஒரு சின்னப்பெண் பாயில் படுத்திருந்தாள்.

ஐயோ! கத்தினால் பிள்ளை புரண்டுவிடுவாளே. எப்படி உள்ளே போனேன் என்று இன்றைக்கும் தெரியாது. மழை மூட்டத்தில் ஒரே இருட்டு. அது பைகளுக்கு நடுவில் கிடக்கிறதா, பெஞ்சுக்கு அடியிலா? கோமதித் தாயே என்று பிள்ளையை வாரி எடுத்தேன். எடுத்த வேகத்தில் பாய் விலகியது. அவள் தலை இருந்த இடத்துக்குப் பக்கத்தில், பாயின் மடிப்புக்குள், அது சுருண்டு கிடந்தது.

வெளியே ஓடிவந்து "உள்ள பாம்பு!" என்று கத்தினேன். தலைமையாசிரியைக்கு முகம் வெளிறிவிட்டது. "புத்த இடிச்சிருவமா டீச்சர்? நீங்களே சொல்லுங்க" என்றார். பள்ளம் தாங்குகிறதா என்று பார்க்க வந்திருந்த அண்ணாச்சியும் என் வாயையே பார்த்தார்.

ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இடியுங்கள் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் இடித்து, அந்தச் சாமி குற்றம் இந்தப் பிள்ளைமேல் விழுந்துவிட்டால்?

"டீச்சர், ரொம்ப இறுக்குதீங்க, வலிக்கி" என்று தோளில் கிடந்தவள் முனகினாள்.

என்னால் பிடியைத் தளர்த்த முடியவில்லை.