தலைகீழாக நின்ற மணி

எங்கள் ஊர்த் தேவாலயத்தைப் பார்க்க வருபவர்கள் ஹெஸ்டர் தர்ல்பி வீட்டுக் கதவைத் தட்டித்தான் சாவி வாங்க வேண்டும். லிங்கன்ஷயரின் சதுப்போரத்தில் கிடக்கும் இந்த ஊருக்கு வெளியாட்கள் வருவதே அந்தப் பழைய கட்டடத்துக்காகத்தான். உருளைக்கிழங்குக் கொட்டகையில் தரம் பிரிக்கும் வேலையை விட்டபின் ஹெஸ்டர் சாவிப் பொறுப்பை ஏற்றார். யார் வந்தாலும் கூடவே போவார்.

அதற்குக் காரணம் உண்டு. கோபுரத்தடியில் மணிக்கயிறுகள் கைக்கு எட்டும்படி தொங்குகின்றன. சிறுமியாக இருந்தபோது, அவற்றில் ஒன்று தன் அப்பாவைக் கூரைவரை தூக்கிப் போட்டதை அவர் பார்த்திருக்கிறார். அதைப் பற்றி யாரிடமும் பேசமாட்டார்.

அந்த மே மாதச் சனிக்கிழமை அவருக்கு முழங்கால் வீங்கியிருந்தது. ஊர் ஊராகத் தேவாலயம் பார்க்கும் ஆல்டஸ் பிரெட்டிமனும் மாட் என்ற அவர் மனைவியும் வந்து சாவி கேட்டார்கள். சாது மனிதர்கள். ஹெஸ்டர் முதல் தடவையாகச் சாவியை மட்டும் கொடுத்தனுப்பினார்.

சற்று நேரத்தில் தொலைபேசி அடித்தது. மணியடிப்பவர்களின் தலைவன் வில்ஃப், அவருடைய அக்கா மகன்.

"சித்தி, மணியெல்லாம் தூக்கி நிறுத்தியாச்சு. கல்யாணத்துக்கு வந்ததும் நேரா அடிக்க வேண்டியதுதான். நாங்க பக்கத்து ஊர்ல சாப்பிட்டுக்கிட்டு இருக்கோம்."

நிறுத்திய மணி வாய் மேலே பார்த்து நிற்கும். கயிற்றை லேசாக இழுத்தாலும் அரை டன் வெண்கலம் கவிழும். கயிறு, பிடித்த ஆளோடு மேலே பாயும்.

"கயித்தச் சுருட்டிக் கட்டினியாடா? எச்சரிக்கைப் பலகை வச்சியா?"

"எதுக்கு? பூட்டிட்டுத்தானே வந்தோம். நீங்க இல்லாம யாரு சித்தி உள்ள போவா?"

"சாவியக் குடுத்தனுப்பிட்டேன்டா!" என்று ஹெஸ்டர் தொலைபேசியைப் போட்டார். ஊன்றுகோலைக்கூட எடுக்காமல் இறங்கினார். கல்லறைகளுக்கு நடுவே குறுக்கே நடந்தார். ஒவ்வொரு அடியிலும் மேலிருந்து அந்த ஒற்றை மணிச் சத்தம் கேட்டுவிடுமோ என்று காது கூசியது.

உள்ளே, கோபுரத்தடியில் ஆல்டஸ் கயிற்று நுனியை மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டு நின்றார். எதிரே மாட், கேமராவோடு.

"சிரிங்களேன், சாவுக்கு மணியடிக்கிற மாதிரி நிக்கிறீங்க."

"இழுத்தா படம் நல்லா வருமா? ஒரே ஒரு இழுப்பு?"

கத்தினால் திடுக்கிட்டு இழுத்துவிடுவார். ஹெஸ்டர் மூச்சை அடக்கினார். குழந்தையைத் தூங்கவைக்கும் குரலில் பேசினார்.

"ஐயா, கைய அசைக்காதீங்க. இழுக்கவே கூடாது. அப்படியே நில்லுங்க."

"என்னங்க, ஊர் முழிச்சுக்குமா?" என்று அவர் சிரித்தார். கயிறு ஆடியது.

"செத்துடுவீங்க ஐயா."

சிரிப்பு நின்றது. ஹெஸ்டர் கிட்டே போய், கயிறு கொஞ்சமும் இறுகாமல் முதல் சுற்றை அவிழ்த்தார். இரண்டாவதை அவிழ்க்கத் தொடங்கினார். மேலே எங்கோ மரம் முனகியது. மணி கவிழவில்லை. கயிறு கையைவிட்டுப் போனதும் ஹெஸ்டர் அவர் சட்டையைப் பற்றிச் சுவரோரம் இழுத்துக்கொண்டார்.

வில்ஃப் அரைச் சாப்பாட்டில் எழுந்து வந்து சேர்ந்தபோதும் அந்தச் சட்டையை அவர் விட்டிருக்கவில்லை.

"விடுங்க சித்தி, ஒண்ணும் ஆகல."

"விரல் விரியல வில்ஃப். நீயே எடுத்துவிடு."

அன்று மணமக்கள் வெளியே வந்ததும் மணிகள் முழங்கின. ஹெஸ்டர் வீட்டு ஜன்னல்களைச் சாத்தி, வானொலியைச் சத்தமாக வைத்துக்கொண்டார்.